சிப்பாய் தலையில் குடம்

கல்லூரிக் கண்காட்சிக்கு அன்று மாலைக்குள் நான் ஒரு படம் அனுப்ப வேண்டும். கடல் கடந்து வந்தவர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்ததைச் சதுரங்க ஆட்டமாகக் காட்ட நினைத்தேன். நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டர் வரைந்தது: கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் கறுப்பு ராஜா, படிகளில் ஏறும் வெள்ளைச் சிப்பாய்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பெருமையோடு என் அப்பாவிடம், நைனாவிடம், காட்டினேன். கோட்டையில் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது உச்சிக்குத் தண்ணீர் சுமந்தவர் அவர்.

"இன்னாடா, எல்லாம் வெறுங்கைய வீசினு போறானுங்க? தண்ணி எவன் தூக்கினு வரான்?"

"இது குறியீடு நைனா."

"அதுக்குத் தாகம் எடுக்காதா?"

சிப்பாய்களின் தலையில் தண்ணீர்க் குடம் வைக்கும்படி கம்ப்யூட்டரிடம் சொன்னேன். அது கிரீடம் வைத்தது. நான்கு முறை கேட்டும் கிரீடம்தான். நேரமோ முடியப் போகிறது.

நைனா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "உடுறா. அந்தப் படி ஏறுனவனுக்கு இது குடுக்கலாம்."

"செஸ்ஸிலும் கடைசிக் கட்டம் போன சிப்பாய் ராணி ஆயிடும் நைனா."

"ராணியா?" நைனா தன் மீசையைத் தடவினார். "இந்த மீசைய வச்சிக்கினா?"

படத்தின் பெயர் கேட்ட இடத்தில் 'தண்ணீர் சுமந்தவர்கள்' என்று எழுதி, கிரீடங்களோடு அப்படியே அனுப்பிவிட்டேன்.