பிளீச்சிங் பவுடர் வாடை

மாமல்லபுரத்து ஓட்டல் நீச்சல் குளத்தில் கால் நனைத்தபடி உட்கார்ந்திருந்தேன். குளோரின் வாடை மெல்ல எழுந்து வர, கண் சொக்கியது.

சுனாமிக்கு அடுத்த வாரம். எனக்கு எட்டு வயது. சுகாதாரப் பணியாளரான அம்மா, வாளியில் கரைத்துத் தெளியவிட்ட பிளீச்சிங் பவுடர் தண்ணீரைக் குப்பத்துக் கிணற்றில் இறக்கினாள். ஒரு மணி நேரம் கழித்து இறைத்துக் கொடுத்தபோது யாரும் வாங்கவில்லை.

"மருந்து நாத்தம் அடிக்குது. இத்த எப்டிக்கா குடிக்கிறது?" என்றார் மீனவர் ஒருவர்.

அம்மா டம்ளரை என்னிடம் நீட்டினாள். "எம் பொண்ணு குடிக்குது, பாருங்க."

குடித்தேன். குடங்கள் வரிசையாக வந்தன.

அந்த வாரம் முழுக்க அம்மா பிசைந்து ஊட்டிய சோற்றிலும் அதே வாடை. ஒவ்வொரு வாய்க்கும், "வவுறு வலிக்குதா?" என்று கேட்டாள்.

கைப்பேசி அடித்தது. அம்மாதான். இத்தனை வருடமாக முதலில் கேட்பதையே இன்றும் கேட்டாள்.

"வவுறு நல்லா கீதுல்ல?"