காலுக்கும் ஒரு எலுமிச்சம்பழம்

கல்யாணமான புதிதில் எனக்கு வாய்த்தவர் சனிக்கிழமைப் புருசன். புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் அவர் ஃபிட்டர். எங்கள் வீடோ பிள்ளையார்பட்டிப் பக்கம். நடுவில் காரைக்குடி முழுசாகக் கிடக்கிறது. சைக்கிளில் வந்து போவதென்றால் வந்து சேர்வதற்குள் திரும்பிப் போகிற நேரம் ஆகிவிடும். அதனால் மில்லிலேயே சாக்கு மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்வார். சனிக்கிழமை சாயங்காலம் தவிட்டு வாசனையோடு வருவார், திங்கட்கிழமை கோழி கூப்பிடக் கிளம்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் எனக்குப் பக்கத்தில் பாய் விரித்தது என் மாமியார். அவருடைய குறட்டை மில் மெஷினுக்குச் சமம். மெஷினுக்காவது வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு.

எந்த வருசம் என்று கேட்டால் தெரியாது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். மில் முதலாளி கார் வாங்கினார். வாங்கியதும், பழைய மோட்டார் சைக்கிளை என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டார். உமிக் குடோனில் வெகுநாளாகக் கிடந்த வண்டி. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்ததாம். இவர் ஓய்ந்த நேரமெல்லாம் அதைப் பிரித்துப் பிரித்து மாட்டினார். கடைசியில் ஒரு சனிக்கிழமை அதிலேயே வந்து இறங்கினார். தெருவில் கட்டியிருந்த ஆடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. இறங்கியதும் என் காதோரம் வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"இனிமே தினமும் வருவேன், புள்ள."

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இரண்டு ராத்திரிக்கும் ஏழு ராத்திரிக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியும். அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

மாமியார் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்ததைக் கொஞ்சம் அசைத்தும் பார்த்தார்.

"ஏண்டா, மாடு நிக்கிது. மாட்டு வண்டி நிக்கிது. கழுதகூட நிக்கிது. இதைய எதுலயாச்சும் சாச்சுத்தேன் வைக்கணுமாக்கும். நிக்கத் தெரியாததுக்கு ஓட்டம் என்ன வேண்டிக் கெடக்கு?"

"நிக்கும் ஆத்தா. ஸ்டாண்டு இருக்கு."

"நிக்கட்டும். ஆனா ஒண்ணு. ஒரே ஒரு தடவ இது கீழ விழுந்துச்சு, மறுநாளே வித்துப்புடணும். பிள்ளையார் மேல ஆணை."

அவர் பிள்ளையார் மேல் ஆணை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அப்படித்தான் ஒரு பால் மாட்டை, முட்ட வந்தது என்பதற்காக, கன்றோடு சேர்த்து விற்றார். ஏழு நாள் புருசன் கையில் வந்து நிற்கிறார், அவர் நிற்பது ஒரு இரும்புக் காலை நம்பி.

மறுநாள் பிள்ளையார்பட்டியில் பூசை போடுவது என்று முடிவானது. பூசை போடாத வண்டியில் ஏறக் கூடாது என்பது மாமியார் சட்டம். அதனால் காற்றாகப் பறக்கிற மோட்டார் சைக்கிளை என் வீட்டுக்காரர் அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வர, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம். கோயில் வாசலில் பூ விற்கிறவள் அவரைப் பார்த்ததும் விட்டாளா?

"என்னண்ணே, வண்டிக்குக் காலு வலிக்குமின்னு தள்ளிக்கிட்டே வாரீகளா?"

எலுமிச்சம்பழமும் அவளிடம்தான். கூறு நாலு பழம்.

"ரெண்டு போதும்த்தா, ரெண்டு சக்கரந்தேன்," என்றார் இவர்.

"காருக்குக் கட்டுன கூறு. பிரிச்சா மிச்சத்த ஆரு வாங்குவா? நீங்க ரெண்டு சக்கரத்த வாங்குனதுக்கு நானா பழி?"

இப்படியாக நாலு பழம் வந்தது. அந்த நாலில்தான் எல்லாம் கெட்டது.

நடு ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், பழம் நசுங்காது. ஆகவே பக்க ஸ்டாண்டில் கோயிலைப் பார்த்து நிறுத்தினார். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று வைத்தாயிற்று. மாமியார் கையில் மிச்சம் இரண்டு. குனிந்து பார்த்தார்.

"இந்தக் காலு மட்டும் என்னடா பாவம் பண்ணுச்சு? மூணு காலுல நிக்கிதுல்ல, மூணுக்கும் வையி."

"ஆத்தா, ஸ்டாண்டு கெட்டித் தரையில நிக்கணும். பழத்துல நிக்காது."

"அம்புட்டுப் பெரிய பிள்ளையாரு எலி மேல ஏறிப் போறாரு. ஒன் வண்டி எலுமிச்சம்பழத்துல நிக்காதாக்கும்?"

மில்லில் எவ்வளவு பெரிய மெஷின் மக்கர் பண்ணினாலும் சரிசெய்கிறவர்தான். இந்தக் கேள்விக்கு அவரிடம் ஸ்பேனர் இல்லை. வண்டியைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தார். மாமியார் தன் கையாலேயே ஸ்டாண்டுக்கு அடியில் பழத்தைத் தள்ளினார். நாலாவது பழத்தை மடியில் முடிந்துகொண்டார். குருக்கள் வந்து சூடம் காட்டி, மாலை போட்டு, சந்தனம் வைத்து, முன்னால் கிடந்த கல்லில் தேங்காயை உடைத்துவிட்டு, சூடத்தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

"நான் உள்ள போயி நூத்தியெட்டுத் தோப்புக்கரணம் போட்டுட்டு வாரேன். மகனுக்காக நேந்துருக்கேன். அதுக்குள்ள பழத்த நசுக்கிப்புடாதீக," என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனார்.

நூற்றெட்டு என்றால் எப்படியும் வெகு நேரம் ஆகும். வெயிலில் அந்த வண்டி மினுமினு என்று நின்றது. நான் அதுவரை அதைத் தொட்டதுகூட இல்லை. சீட்டை ஒரு விரலால் தொட்டேன். சுட்டது.

"ஏறிப் பாக்குறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அத்தை வந்துருவாக."

"நூத்தியெட்டு, புள்ள. மெதுவா ஒருச்சாய்ஞ்சு ஒக்காரு."

பக்க ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் ஆள் ஏறி உட்காரக் கூடாது என்று பிற்பாடு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியவர் இவர்தான். பாரம் முழுக்க அந்த ஒற்றைக் காலுக்குப் போய்விடுமாம். வண்டிச் சாத்திரம் எல்லாம் அவருக்கு அன்றைக்கும் தெரியும். புதுப் பெண்டாட்டி முன்னால் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் ஏறி உட்கார்ந்தேன். ராணி மாதிரி இருந்தது. எத்தனை நேரம் என்று கேட்டால், ஒரு கொழுக்கட்டையை வாயில் போட்டு விழுங்குகிற நேரம். கீழே 'புளுக்' என்று ஒரு சத்தம். பழம் பிதுங்கியது, ஸ்டாண்டு வழுக்கி மடங்கியது, வண்டி இடது பக்கம் சாய, நான் பூக்காரியின் கூடையில் போய் விழுந்தேன். வண்டி தேங்காய் உடைத்த கல்லில் மோதியது. பின்னால் பார்க்கிற கண்ணாடி சுக்கல் சுக்கல்.

"ஐயய்யோ, கூறுல நாலு பழம் வாங்குனவுக இப்ப கூடையவே வாங்கிட்டீகளே!" என்றாள் பூக்காரி.

இவர் முதலில் என்னைத் தூக்குவார் என்று நினைத்தேன். பாய்ந்துபோய்ப் பெட்ரோல் குழாயை மூடினார். அப்புறம் சாவி. அப்புறம்தான் நான். அன்றைக்கு அதற்காகக் கோபப்பட்டேன். சூடத்தட்டு இரண்டு அடி தள்ளித்தான் புகைந்துகொண்டிருந்தது என்பது பிற்பாடு தோன்றியது.

"கை கால் அசையிதா?"

"அசையிது. அத்தை வந்து பாத்தா ஒங்க வண்டிதேன் அசையாது. தூக்குங்க சீக்கிரம்!"

தூக்குவதற்கும் ஒரு வித்தை இருக்கிறது. எல்லோரும் முன்னால் குனிந்து இழுப்பார்கள், இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அவர் வண்டிக்கு முதுகைக் காட்டிச் சீட்டில் பின்பக்கத்தை முட்டுக் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில் பாரையும் மறு கையால் சீட்டுக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, அப்படியே பின்னால் தள்ளித் தள்ளி எழுந்தார். நிமிர்ந்த வண்டி அந்தப் பக்கம் விழாமல் நான் மறுபக்கம் நின்று தாங்கினேன். பூக்காரி தன் கூடைக்கு முட்டுக் கொடுத்திருந்த தட்டைக் கல்லை எடுத்து ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தாள். இதைத்தான் முதலிலேயே வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் சேதாரம் பார்த்தார். ஹேண்டில் பார் கோணியிருந்தது. முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு முறுக்கினார், நேராகிவிட்டது. கிளச்சுப் பிடி வெளிப்பக்கம் வளைந்திருந்தது. துண்டைச் சுற்றிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தார்.

"இன்னும் வளைங்க, தெரியுது!"

"முழுசா நிமித்துனா படக்குன்னு ஒடிஞ்சிரும், புள்ள. முக்கால்வாசி போதும்."

மிச்சக் கால்வாசியை மாலையை இழுத்துவிட்டு நான் மறைத்தேன். பெட்ரோல் டாங்கியில் ஒரு பள்ளம், சரியாக ஒரு எலுமிச்சம்பழம் உட்காரும் அளவு. பூக்காரியிடம் சந்தன உருண்டை வாங்கி அந்தப் பள்ளத்தில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். அம்மன் கழுத்துப் பதக்கம் மாதிரி ஜோராக இருந்தது. கிக்கரை உதைத்துப் பார்த்தார். உதைக்க உதைக்கப் பெட்ரோல் வாடைதான் வந்தது. விழுந்து எழுந்த வண்டி உடனே கிளம்பாதாம், சும்மா கொஞ்ச நேரம் விட வேண்டுமாம். விட்டோம்.

நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தோம். திரும்பினால் மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார்.

"அதுக்குள்ள நூத்தியெட்டா, ஆத்தா?"

"முப்பதுல முட்டி புடிச்சிருச்சுடா. மிச்சத்த அடுத்த தடவ போடுறேன்னு சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல." வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "சந்தனம் என்ன இம்புட்டு? ஆரு வச்சா?"

"நான்தேன் அத்தை."

"நல்லாத்தேன் இருக்கு." எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வார்த்தையில் போய்விட்டது. "கண்ணாடி எங்கடா?"

எல்லாவற்றையும் மறைத்தோம், இல்லாத கண்ணாடியை எதைக் கொண்டு மறைப்பது? கண்ணாடித் துண்டு அவர் காலடியிலேயே கிடந்து வானத்தைக் காட்டியது. பக்கத்தில் நசுங்கின எலுமிச்சம்பழம்.

"விழுந்துச்சா, இல்லியா? பிள்ளையாரு முன்னாடி நின்னு சொல்லு."

என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். எனக்கு அந்த ஐந்து ராத்திரியும் குறட்டையும் கண் முன்னால் வந்து நின்றன. எங்கிருந்து வந்ததோ, வாய் தானாகத் திறந்தது.

"கும்பிட்டுச்சு அத்தை."

"என்னாத்தா?"

"சூடம் காட்டுனாகள்ல. அந்தால கோயிலப் பாத்துப் படுத்துக் கும்பிட்டுச்சு. ஆரும் தள்ளல. நீங்க காலுக்கு வச்ச பழந்தேன் அதுக்குப் புத்தி குடுத்துருக்கும்."

பூக்காரி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு, "ஆமாத்தா, நானும் கண்ணால பாத்தேன்," என்றாள். மாமியார் லேசில் விடுகிற ஆளில்லை. போலீஸ் கச்சேரியில் விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"தல எங்குட்டு இருந்துச்சு?"

"கோயில் பக்கம்."

"முழுசாப் படுத்துச்சா?"

"ஹேண்டிலு, சீட்டு எல்லாம் தரையில பட்டுச்சு."

"முழுசாப் படுத்துக் கும்பிடுறது ஆம்பள முறையில்ல? பொம்பளன்னா மண்டி போட்டுல்ல கும்பிடணும். இது ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளதேன் அத்தை. எந்நேரமும் பொகை விடுதுல்ல."

முப்பது தோப்புக்கரணத்தைப் பிள்ளையார் பேசாமல் ஏற்றுக்கொண்டது மாமியாருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மடியில் இருந்த நாலாவது பழத்தை எடுத்து வண்டியை மூன்று தரம் சுற்றி, தெருவில் எறிந்தார்.

"கும்பிட்டா விக்கக் கூடாது. பாவம். ஒன்னயவிட அதுக்குப் பக்தி இருக்குடா." நாங்கள் சிரிப்பை அடக்குவதற்குள் மிச்சத்தையும் சொன்னார். "ஆனா ஒரு தடவ கும்பிட்டு விட்டுறக் கூடாது. வருசா வருசம் இதே நாளு வந்து கும்பிடட்டும். பிள்ளையார் மேல ஆணை."

அன்றைக்குச் சாயங்காலம் வண்டி மூன்றாவது உதையில் கிளம்பியது. மறுநாள் திங்கட்கிழமை போனவர், திங்கட்கிழமை ராத்திரியே சாப்பாட்டுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமையும் வந்தார். மாமியாரின் பாய் வீட்டின் பின்கட்டுக்குப் போனது. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கத் தட்டைக் கல்லோடு வாசலில் நிற்பேன். உமி மேல் நிறுத்தாதே, மழை ஊறின செம்மண்ணில் நிறுத்தாதே, சித்திரை வெயிலில் இளகின தாரில் நிறுத்தாதே, சரிவில் கியரைப் போடாமல் விடாதே என்று என் வீட்டுக்காரர் மில்லில் எல்லோருக்கும் சொல்வாராம். எலுமிச்சம்பழத்தைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டாராம்.

ஆணைப்படி வருசத்துக்கு ஒரு தரம் பிள்ளையார்பட்டிக்குப் போவோம். பெட்ரோலை மூடி, இரண்டு கோணிச் சாக்கை மடித்து விரித்து, அவர் வண்டியைக் குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி மெல்லச் சாய்ப்பார். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "போதும், எந்திரிக்கச் சொல்லு," என்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அவர் இந்தப் பக்கம் முதுகு கொடுக்க, அந்தப் பக்கம் நின்று தாங்குகிற வேலை என்னுடையது. மாசமாக இருக்கிற வருசம் மட்டும் நான் பாரம் தாங்கக் கூடாது என்று பூக்காரி வந்து நிற்பாள்.

மொத்தம் பதினோரு வருசம் அந்த வண்டி கும்பிட்டது. அதில் ஐந்து வருசம் பூக்காரிதான் தாங்கினாள்.