கிளெய்ம் போடாதவரின் பம்பர்

சகலையின் வண்டிக்குப் புது சீட் உறை வந்த நாள் மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது பத்துக்கு அவன் டாக்சி நிறுத்தத்துக்குள் வளைந்து வந்து, வரிசையில் நின்று, நான்கு கதவுகளையும் விரியத் திறந்து வைத்தான். காற்று வருவதற்காக அல்ல, எல்லோரும் பார்ப்பதற்காக. தேன் நிறத் தோல், வெள்ளைத் தையல். முன் சீட்டின் முதுகில் பின்னால் உட்காருகிறவர் பார்க்க ஒரு குட்டித் திரை வேறு. இரண்டு வண்டி தள்ளி நின்ற மீட்டர் தன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த கண்ணாடியை மறுபடி ஏழு நிமிடம் துடைத்தார்.

மீட்டர் என்பது நிறுத்தத்தில் அவருக்கு வைத்த பெயர். வாடகை ஓட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம். ஒவ்வொரு சவாரிக்கும் ஏறிய இடம், இறங்கிய இடம், வண்டி ஓடிய கிலோமீட்டர் மூன்றும் அவர் நோட்டில் ஏறிவிடும். அது போதாதென்று வண்டியில் எந்தச் சாமானை மாற்றினாலும், அதைப் பூட்டும் முன் உட்புறத்தில் அழியாத மையால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுவார். பேட்டரி, பெல்ட், விளக்கு, பம்பர், எதுவும் தப்பாது. “மீட்டர் அண்ணே, உங்க முதுகுல தேதி போட்டாச்சா?” என்று மற்ற டிரைவர்கள் கேட்பார்கள். “போட்டாச்சு, எக்ஸ்பயரிதான் தெரியல” என்பார் அவர்.

அவருக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது ஒன்றே ஒன்றுதான். இருபத்திரண்டு வருடத்தில் இன்சூரன்ஸில் ஒரு கிளெய்ம் கூடப் போட்டதில்லை. அந்த வரலாறு சுத்தமாக இருப்பதற்காகவே சில அடிகளைத் தானே தாங்கியிருக்கிறார். மூன்று வருடம் முன்பு, ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்த அவர் வண்டியின் மூஞ்சியில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து இடித்துவிட்டு ஓடிப்போனது. பம்பர் வலது பக்கம் பிளந்து தொங்கியது. அப்போதும் கிளெய்ம் போடவில்லை. கைக்காசில் புது பம்பர் வாங்கி, மெக்கானிக்கிடம் போய் மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு மாதம் கையைக் கடித்தது. 

சகலை அவருடைய மனைவியின் தங்கையைக் கட்டியவன். அவரைவிட ஒன்பது வயது இளையவன். ஐந்து வருடம் முன்பு டிரைவர் சங்கம் மொத்தமாகப் பேசி முப்பத்தொரு வண்டி எடுத்தபோது இரண்டு பேரும் ஒரே நாளில் சாவி வாங்கினார்கள். ஒரே மாடல், ஒரே வெள்ளை நிறம். இன்றைக்குப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், மீட்டரின் வண்டி சகலையின் வண்டிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும்.

நிறுத்தத்தில் எரிந்ததாவது பரவாயில்லை. வீட்டில்தான் தாங்கவில்லை. சகலை வண்டி எடுத்துப் போகும் வழியில்தான் மீட்டரின் வீடும் மகளின் கல்லூரியும். அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, வழக்கம்போல அவர் சாவியை எடுத்தபோது மகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, நீங்க நிறுத்தத்துக்குப் போங்க. சித்தப்பா வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு.”

“ஏன், என் வண்டியில சக்கரம் இல்லையா?”

“சக்கரம் இருக்குப்பா. சித்தப்பா இப்ப மாட்டின மாதிரி ஏசி இல்ல. போய் இறங்குறதுக்குள்ள மூஞ்சி எல்லாம் வேர்த்துடுது.”

மனைவி சமையலறையிலிருந்து, “போகட்டும் விடுங்க. அவரும் அப்பா மாதிரிதானே” என்றாள்.

அப்பா மாதிரி. வாசலில் ஹாரன் கேட்டது. மகள் ஏறினாள், கண்ணாடி ஏறியது, வண்டி போனது. அன்றைய நோட்டில், மகளைக் கொண்டுவிடும் முதல் சவாரிக்கான வரியை அவர் காலியாக விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு காலி வரி அதுவரை இல்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டிய நாள். மீட்டர் போன வருடத் தொகையை எடுத்துக்கொண்டு போனார். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொன்னாள். போன வருடத்தைவிட நாலில் ஒரு பங்கு அதிகம்.

“அம்மா, வேற வண்டியைப் பாத்துச் சொல்றீங்க. நான் கிளெய்மே போட்டதில்ல.”

“உங்க வண்டிதான் சார். கிளெய்ம் போடாததுக்கு உள்ள தள்ளுபடியும் கழிச்சாச்சு.”

“கழிச்சுமா இவ்வளவு?”

“அடிப்படைத் தொகையே ஏறிடுச்சு சார்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “இந்த ஊர் டாக்சிகள்ல முன்பக்கம் இடிச்ச கிளெய்ம் மட்டும் மூணு வருஷத்துல ரெண்டு மடங்கு. கம்பெனி என்ன செய்யும்? எல்லார் தலையிலயும் பிரிச்சுப் போடும். இடிச்சவங்களுக்கும் சரி, இடிக்காதவங்களுக்கும் சரி.”

மீட்டர் வெளியே வந்து படியில் நின்றார். சகலை பிப்ரவரியில் ஒரு கிளெய்ம் போட்டது அவருக்குத் தெரியும். தூணில் இடித்துவிட்டதாகச் சொன்னான். ஆனால் அந்த வாரம் முழுவதும் அவன் வண்டி தினமும் நிறுத்தத்துக்கு வந்தது, முகத்தில் ஒரு கீறல் இல்லாமல். அப்போது புரியாதது இப்போது ஒரு நொடியில் புரிந்தது. அந்தத் தேன் நிறத் தோலில் ஒரு சாண் அளவாவது தன் காசு. தன் மகளுக்குக் குளிர்காற்று வீசுவதும் தன் காசு. இதில் நன்றி மட்டும் சித்தப்பாவுக்கு.

அன்று மாலை டீக்கடையில் சகலையைப் பிடித்தார். அவன் மறைக்கவே இல்லை.

“ஆமாண்ணே. மெக்கானிக்கே எல்லாம் பாத்துக்குவாரு. ஒரு உடைஞ்ச பம்பர் வெச்சிருக்காரு. நம்ம வண்டியில மாட்டி, செல்லுல நாலு படம் எடுத்து அனுப்புவாரு. சின்ன கிளெய்முக்கு ஆளே நேர்ல வர்றதில்ல, படம் போதும். பம்பர், விளக்கு, பெயின்ட் எல்லாத்துக்கும் பில். புது பம்பர் நமக்கு வந்துடும். மத்த காசுல அவருக்குப் பாதி, நமக்குப் பாதி.”

“தப்பில்லையாடா?”

“யாரு வீட்டுலண்ணே கை வெச்சோம்? கம்பெனி காசு. நீங்க இத்தனை வருஷம் கட்டினீங்களே, ஒரு டீ வாங்கிக் குடுத்தானா? சும்மா இருக்கறவனுக்கு யாரும் மாலை போட மாட்டாங்கண்ணே.”

மீட்டர் டீயைப் பாதியில் வைத்தார். அவன் சொன்னது தப்பு என்று தெரிந்தது. ஆனால் அவன் சொல்லும்போது அந்தத் தேன் நிறத் தோலின் வாசனை அவன் சட்டையிலிருந்து வந்தது. அதுதான் ஜெயித்தது.

ஏப்ரல் ஒன்பது, புதன்கிழமை, மதியம் இரண்டே கால். மீட்டர் வண்டியை மெக்கானிக்கின் பட்டறைக்குள் விட்டார். மெக்கானிக் அவரைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டார்.

“மீட்டர் அண்ணனா? சூரியன் எந்தப் பக்கம் உதிச்சான்? நீங்க இந்த வேலைக்கு வருவீங்கன்னு நான் கனவுலயும் நினைக்கல.”

“நானும் நினைக்கல. சீக்கிரம் முடி.”

“பதறாதீங்க.” மெக்கானிக் கொட்டகையின் பின்பக்கம் போய், பழைய டயர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளை பம்பரைத் தூக்கி வந்தார். “வழி விடுங்க, மாப்பிள்ளை வர்றாரு!”

“மாப்பிள்ளையா?”

“அப்படித்தான் கூப்பிடுவோம். இவரு வந்து நின்னு போட்டோ எடுத்துக்கிட்டா, வீட்டுக்குப் புதுச் சாமான் எல்லாம் தானா வந்து இறங்கும். உங்க சங்கத்து வண்டி எல்லாம் ஒரே மாடல்ங்கிறதால எந்த வண்டியிலயும் ஒட்டிக்குவாரு.”

மெக்கானிக் அவர் வண்டியின் நல்ல பம்பரைக் கழற்றிச் சுவரில் சாத்தினார். பிளந்த பம்பரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மீட்டர் பிடித்தார். ஸ்க்ரூ போடும் முன், தன்னை அறியாமலே, அவர் கை சட்டைப் பையிலிருந்த மை பேனாவை எடுத்தது. வண்டியில் ஒரு சாமான் ஏறுகிறது, தேதி போட வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக் கைப்பழக்கம். பம்பரைத் திருப்பினார்.

இடது மூலையில், எங்கே எழுத நினைத்தாரோ அதே இடத்தில், ஏற்கெனவே எழுதியிருந்தது. ஒரு தேதி, அதன் கீழே 41,206. அந்த நான்கின் வால், அந்த ஆறின் சுழி, இரண்டும் அவருடையவை. வண்டி வாங்கிய இரண்டாம் வருடம், வாசல் கேட்டில் உரசிய முதல் பம்பரை மாற்றியபோது அவர் போட்ட தேதி. லாரி இடித்தது இதைத்தான். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு இதே பட்டறையில் கழற்றிப் போட்டுவிட்டு வந்ததும் இதைத்தான்.

வண்டியில் வைத்திருந்த பழைய நோட்டுகளைப் புரட்டினார். தேதியும் கிலோமீட்டரும் ஒத்துப்போயின.

“இது எத்தனை வண்டிக்குப் போச்சு?”

“மாப்பிள்ளையா? உங்களோடது பன்னெண்டாவது. உங்க சகலையோடது பதினொண்ணு.”

மீட்டர் மெதுவாகக் கீழே, டயர் மேல் உட்கார்ந்தார். கிளெய்ம் போடாமல் இருக்க வேண்டும் என்று கைக்காசைக் கொட்டி அவர் கழற்றிப் போட்ட பம்பர். அது பதினொரு வண்டிக்கு ஏறி, பதினொரு பேருக்குப் புது பம்பரும் சீட் உறையும் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. அந்தக் கிளெய்ம்கள் போய் அவர் பிரீமியத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஒரு பம்பரால் மட்டும் ஊரில் கிளெய்ம் இரண்டு மடங்கு ஆகியிருக்காது, மற்றப் பட்டறைகளிலும் மாப்பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் இது அவருடையது. சகலையின் மேல் இருந்த எரிச்சல் ஒரு கணம் அந்தப் பிளாஸ்டிக்கின் மேலேயே திரும்பியது. அவர் முதுகொடிய ஓடியும் பார்க்காத சுகத்தை எல்லாம் அவர் பம்பர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

“அண்ணே, போட்டோ எடுத்துடலாமா? வெளிச்சம் நல்லா இருக்கு.”

மீட்டர் செல்லைப் பார்த்தார். ஒரு விரல் அழுத்தினால் போதும். இருபத்திரண்டு வருடத்துக்குப் பதிலாக ஒரு ஏசி, மகள் திரும்ப முன் சீட்டில். அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து, பம்பரில் இருந்த தன் எழுத்தைக் காட்டி, பழைய நோட்டில் மூன்று வருடம் முந்தைய பக்கத்தை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார்.

“படி.”

மெக்கானிக் படித்தார். “பழைய பம்பர் பட்டறையில் வைத்தது. பிறகு எடுத்துக்கொள்ள வேண்டும்.”

“எடுத்துக்க வந்திருக்கேன். சுவத்துல சாத்தி வெச்சதைத் திரும்ப மாட்டு.”

“அண்ணே, விளையாடாதீங்க. வெள்ளிக்கிழமை ரெண்டு வண்டி வருது!”

“அவங்ககிட்ட சொல்லு, மாப்பிள்ளை பொறந்த வீட்டுக்குப் போயிட்டாருன்னு.”

பிளந்த பம்பரை வண்டியின் கூரையில் கயிற்றால் கட்டிக்கொண்டு மீட்டர் ஊர் நடுவே ஓட்டி வந்தார். நிறுத்தத்தைக் கடக்கும்போது வரிசையில் நின்ற டிரைவர்களில் சிலர் அதைப் பார்த்ததும் செல்லுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அந்தத் தலைகளையும் அவர் எண்ணினார். ஐந்து.

இனி யாரும் மாட்ட முடியாதபடி, வாசலில் உட்கார்ந்து அதை ரம்பத்தால் அறுக்கும்போது மணி நாலே முக்கால். சகலையின் வண்டி வந்து நின்றது. மகள் இறங்கினாள். சகலை பம்பரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

“என்னண்ணே இது! மெக்கானிக் எனக்கு போன் போட்டு அழுவுறாரு. அவருக்கு இன்னொண்ணு கிடைக்காதா?”

“கிடைக்கும். அதுல என் எழுத்து இருக்காது.”

“உங்களுக்கு என்னைப் பாத்தாப் பொறாமைண்ணே.”

மீட்டர் ரம்பத்தை நிறுத்தினார். மனைவி கதவருகே வந்து நின்றிருந்தாள். “ஆமாடா,” என்றார். “இருக்கு. நாளைக்கும் இருக்கும். அதுக்காக உன் சீட்டுக்கு, என் பம்பர்ல ஒண்ணு, பிரீமியத்துல ஒண்ணுன்னு நான் ரெண்டு தடவை காசு கட்ட முடியாது.”

சகலை சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மகள் கீழே கிடந்த துண்டைத் திருப்பி, எழுத்தைப் படித்தாள். “இது உங்க எழுத்துப்பா. இது எப்படி…” என்று ஆரம்பித்துவிட்டு, சகலை போன திசையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு அவள் முன் சீட்டில் ஏறி, கண்ணாடியைக் கீழே இறக்கினாள். பாதி வழியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். சிக்னலில் பக்கத்தில் சகலையின் வண்டி வந்து நின்றது, கண்ணாடி ஏற்றி, உள்ளே குளிராக. மீட்டர் அந்தத் தேன் நிறத் தோலை ஒரு முழு சிவப்பு விளக்கு நேரமும் பார்த்தார். பச்சை விழுந்ததும், பின்னால் ஹாரன் அடிக்கும்வரை வண்டியை எடுக்க மறந்தார்.

கல்லூரி வாசலில் மகள் இறங்கிய பிறகு நோட்டைத் திறந்து, முதல் வரியை எழுதினார்.