பச்சை மட்டைக் கொப்பியும் பன்னிரண்டு விடைகளும்

இந்த நினைவு மலரின் முன்பக்கத்தில், அக்காவின் படத்துக்குக் கீழே "குலவிளக்கு" என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த சொல் அல்ல. அச்சகத்தார் யார் செத்தாலும் போடுகிற சொல் அது. விளக்காம்! அந்த விளக்கை ஊதி அணைத்தவர்களில் பாதிப் பேர் இன்று முதல் வருஷ நினைவான ஆட்டைத் திவசத்துக்கு வந்து, வாழையிலையில் சாப்பிட்டு, போகிற வழியில் இந்த மலரையும் கையில் வாங்கிக்கொண்டு போவார்கள். முதலில் ஊதியவன் நான். ஆகையால் இந்தக் கட்டுரையை எழுத என்னை விடத் தகுதியானவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அக்கா பிறந்தது திருகோணமலைப் பட்டினத்தில். ஐயா துறைமுகத்தில், கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டின் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தவர். காய்ச்சலில் அம்மா போனபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்கு நாலு. தூக்கி வளர்த்தார், குளிப்பாட்டினார், சோறு தீத்தினார் என்றெல்லாம் எழுதலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அக்காவை நினைத்தால் முதலில் வருவது அவரது குரல். "வாயை மூடிக்கொண்டு புத்தகத்தை வாசி. பிறகு புத்தகத்தை மூடிப்போட்டு வாயைத் திற." வீட்டிலும் அதேதான், பள்ளிக்கூடத்திலும் அதேதான்.

பட்டினத்தில் ஒரு பாடசாலையில் மேல் வகுப்புகளுக்கு ஆங்கில மொழியும் ஆங்கில இலக்கியமும் அக்கா படிப்பித்தார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்திருந்தது, ஆனாலும் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படைதான். பள்ளியிறுதி எஸ்.எஸ்.சி. பரீட்சையில் ஆங்கிலம் சித்தியடைந்தவனுக்கு டொக்யாட்டில் கதிரை, அடையாதவனுக்குச் சுமை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. அதனால் பரீட்சை கிட்டும்போது மற்ற ஆசிரியர்கள் என்ன செய்வார்களென்றால், வரக்கூடிய கேள்விகளைக் குறித்து, விடைகளைத் தாங்களே எழுதி, சொல்லச் சொல்லப் பிள்ளைகளை எழுத வைத்துப் பாடமாக்க விடுவார்கள். பிள்ளைகள் கிளிகளைப்போல் ஒப்புவிப்பார்கள். தாய்தகப்பனுக்கும் அது பெரிய திருப்தி.

அக்கா அதைச் செய்யமாட்டார். ஐயா கொண்டுவரும் பழைய டொக்யாட் அறிவித்தல்களைப் பலகையில் எழுதிவிட்டு, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொல்வார். சுருக்கம் எழுதும் கேள்விக்கு அதுவே பயிற்சி. நாடகப் புத்தகத்தில் ஒரு காட்சி முடிந்ததும், "இந்த மனுசன் செய்தது சரியோ பிழையோ? ஏன்?" என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். தமிழில் சொன்னாலும் ஏற்றுக்கொள்வார். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார். யாராவது அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"என்ர மூளை என்னட்டக் கிடக்கு. உன்ரையைக் கொண்டு வா!"

ஒருமுறை ஒரு தகப்பன் வீட்டுக்கே வந்து, "ரீச்சர், பொடியனுக்கு நாலு விடை எழுதிக் குடுங்கோ, பாடமாக்கிப் போடுவான்" என்று மன்றாடினார். அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். விடை கொடுக்கவில்லை.

அந்தக் கொள்கையை அக்கா தன் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் முறித்தார். எனக்காக.

நான் அவரது வகுப்பில்தான் இருந்தேன். வகுப்பில் பதினான்கு பேர்; மொக்கு என்று பார்த்தால் நான்தான் முதல் ஆள். பந்தடிக்கப் போனவன், கடலில் நீந்தப் போனவன், புத்தகத்தின் பக்கம் போகாதவன். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஐயாவுக்குக் கை நடுக்கம் கூடி வேலையை விட வேண்டி வந்தது. நான் சித்தியடைந்தால் அவரது இடத்துக்கு என்னை எடுப்பதாக மேலதிகாரி வாய்ச்சொல் கொடுத்திருந்தார். ஐயா அக்காவிடம் கேட்டதை நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"பிள்ளை, ஊருக்கெல்லாம் படிப்பிக்கிறாய். இவனைக் கரைசேர்க்க ஏலாதோ?"

அடுத்த நாள் விடியற்காலை அக்கா என்னை எழுப்பி, குசினிக்குப் பக்கத்து விறாந்தையில் உட்காரவைத்து, பச்சை மட்டைக் கொப்பி ஒன்றைத் தந்து, "எழுது" என்றார். முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் தொடங்குமுன் தினமும் சொல்லச் சொல்ல எழுதினேன். நாடகத்துக்கு ஐந்து, கவிதைகளுக்கு நாலு, நாவலுக்கு மூன்று: மொத்தம் பன்னிரண்டு கேள்விகளும் விடைகளும். ஒவ்வொன்றையும் பிழையில்லாமல் ஒப்புவித்த பிறகுதான் காலைச் சாப்பாடு. கடைசி விடை முடிந்த அன்று அக்கா சொன்னார்:

"இது வேற ஒருத்தற்ற கண்ணிலும் படக்கூடாது. படிச்சு முடிஞ்சதும் என்னட்டத் தா."

நான் ஓம் என்றேன்.

அந்தக் கொப்பியை என்ன விலைக்கு விற்றேன் தெரியுமா? பந்துக் குழுவில் ஓர் இடத்துக்கு. குழுத் தலைவனும் எங்கள் வகுப்புத்தான். "ரீச்சற்ற தம்பி எண்டு சும்மா பேர்தானே, உனக்கு அவ ஒண்டும் தனியாச் சொல்லித் தரேல்லையோ?" என்று அவன் சீண்டினான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. மறுநாளே கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு கிழமைக்குள் பதின்மூன்று பேரும் பார்த்தெழுதிப் பாடமாக்கிவிட்டார்கள். எனக்கு இடதுபக்க ஓரத்தில் விளையாட இடம் கிடைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் அக்காவைக் கெடுத்தது.

பரீட்சையில் அந்தப் பன்னிரண்டில் ஒரு கேள்வி அப்படியே வந்தது. நாடகத்தில் வருகிற தகப்பன் நல்லவனா, கெட்டவனா, காரணம் காட்டுக. பழைய பரீட்சைத் தாள்களைப் புரட்டிய எந்த ஆசிரியரும் ஊகிக்கக்கூடிய கேள்விதான். பதினான்கு பேரும் அக்காவின் விடையை எழுதினோம். ஒரு சொல் பிசகாமல், ஒரு காற்புள்ளி தவறாமல்.

முடிவுகள் வெளிவந்தபோது எங்கள் பாடசாலையின் பதினான்கு பேருடையதும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. வினாத்தாள் முன்கூட்டியே வெளியேறியதாகச் சந்தேகம், மறுநாளே விசாரணைக்குக் கொழும்பிலிருந்து அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. அன்று பின்னேரம் பதினான்கு பேரும் இறங்குதுறையில் கூடினோம். "கொப்பி ஆரிட்டப் பிடிபடுதோ அவன்தான் கள்ளன். பொலிசுக்குக் குடுப்பாங்கள்" என்றான் தலைவன். "எல்லாரும் ஒண்டாச் சொல்லுவம்: ரீச்சர் வகுப்பில எல்லாருக்கும் சொல்லித் தந்தவ." எல்லோரும் தலையாட்டினோம். நானும்.

அடுத்த நாள் காலை, அக்கா கிணற்றடியில் நிற்கும்போது, மற்றவர்கள் தாங்கள் பார்த்தெழுதிய தாள்களை எரித்ததுபோல நானும் என் பங்கைச் செய்தேன். அக்காவிடம் இன்னும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த பச்சை மட்டைக் கொப்பியை அடுப்பில் வைத்தேன். அது எரிந்து முடியும் வரை பக்கத்திலேயே இருந்தேன்.

அன்றே விசாரணை தலைமை ஆசிரியரின் அறையில் நடந்தது. பதின்மூன்று பேரும் ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தார்கள். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா அதிகாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை போலும். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்: வினாத்தாளைப் பார்க்காமல் இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

"எனக்குத் தெரியாது. நான் ஒரு கேள்வியை ஊகிக்கவில்லை, பன்னிரண்டை ஊகித்தேன். ஒன்று வந்தது, பதினொன்று வரவில்லை. வினாத்தாளைப் பார்த்தவள் பதினொன்றை வீணாக எழுதித் தருவாளா?" என்று அக்கா ஆங்கிலத்திலேயே சொன்னார். "பன்னிரண்டும் ஒரு கொப்பியில் இருக்கின்றன. என் தம்பி எடுத்து வருவான்."

பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், "தம்பி, அந்தப் பச்சை மட்டைக் கொப்பியை ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"காணேல்லை, அக்கா."

"எங்க வைச்சனி?"

"தெரியாது."

அக்கா என்னைப் பார்த்தார். அதிகாரி அக்காவைப் பார்த்தார். பிறகு அக்கா அதிகாரியிடம், "கொப்பி இல்லை. விடைகளை வகுப்பில் எல்லோருக்கும் நானே சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகளில் பிழை இல்லை" என்றார். பதின்மூன்று பேரின் பொய்யையும் அக்கா தன் கையொப்பத்தோடு உண்மையாக்கிக் கொடுத்தார்.

எங்கள் முடிவுகள் வந்தன. பதினான்கு பேரும் சித்தி. அக்காவை மட்டும் சந்தேகத்தின் பேரில் மேல் வகுப்புகளிலிருந்து எடுத்து, ஈச்சிலம்பற்றில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பாலர் வகுப்புக்கு மாற்றினார்கள். லோஞ்சுப் படகில் மூதூர் போய், அங்கிருந்து மாட்டுவண்டியிலும் தோணியிலுமாகப் போக வேண்டிய இடம். ஒரு தகரப் பெட்டியோடு அவர் இறங்குதுறைக்குப் போன அன்று எனக்கு டொக்யாட்டில் முதல் கிழமை. வழியனுப்பப் போகவில்லை. லீவு கேட்கப் பயம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "தாளை எடுத்து வித்தவவாம்" என்றார்கள். அக்காவுக்குப் பேசி வைத்திருந்த கலியாணம் கதை பேச்சில்லாமல் நின்றது. ஐயாவின் தங்கை, எங்கள் மாமி, எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டே "நெருப்பில்லாமல் புகையுமோ?" என்று கேட்டார். மாமி இன்று இல்லை. அவரது பிள்ளைகள் இதை வாசிப்பார்கள். வாசியுங்கள். நெருப்பு இருந்ததுதான். எங்கள் குசினி அடுப்பில் இருந்தது. வைத்தவன் நான்.

அக்காவுக்கு அங்கே பதினாறு வருஷம். ஆங்கில நாடகத்தைப் பிரித்துப் பிரித்துக் காட்டியவர், சின்னப் பிள்ளைகளுக்குக் கைபிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். என் பரீட்சைச் சித்தியும் நிலைக்கவில்லை. வெள்ளைக்காரக் கடற்படை கப்பலேறிப் போனது. பிறகு வந்தவர்கள் சிங்களம் படித்துக்கொண்டு வா என்றார்கள். அக்காவை விற்று வாங்கிய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, கடைசியில் புல்மோட்டையில் ஒரு கந்தோரில் பேரேடு எழுதினேன்.

ஓய்வுபெற்ற பின் அக்கா பாலையூற்றில் எங்களோடு இருந்தார். ரியூசன் கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். "எனக்கு மறந்துபோச்சு" என்பார். எதுவும் மறக்காத மனுசி.

சென்ற வருஷம், நோய் முற்றிப் படுக்கையில் இருந்தபோது, ஒரு மத்தியானம் கட்டிலடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு தொடங்கினேன். இருபத்தெட்டு வருஷமாகத் தொண்டையில் நின்ற கதை.

"அக்கா, அந்தப் பச்சை மட்டைக் கொப்பி..."

"ஓம். எரிச்சனி."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அண்டைக்குப் பின்னேரமே. அடுப்புச் சாம்பல் வாரினது நான்தானே."

நான் அழுதேன். காலைப் பிடித்தேன். மன்னிக்கச் சொன்னேன். அக்கா காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"என்னட்டச் சொல்லி என்ன பிரயோசனம், தம்பி? எனக்குத் தெரியும்தானே. தெரியாத ஆக்களுக்குச் சொல்லு."

மன்னித்தார் என்று எழுதினால் இந்த மலர் வடிவாக இருக்கும். அவர் மன்னிக்கவில்லை. பத்து நாட்களில் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவர் மட்டும் வந்தார், கிண்ணியாவிலிருந்து. மற்றவர்கள் கொழும்பிலும் இலண்டனிலும் நல்ல நிலையில் இருப்பதாகக் கேள்வி. அவர் வாசல் படலையடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க எல்லாருமாச் சேந்து ரீச்சரைக் கொண்டுபோட்டம்" என்றார். பிறகு, "அந்தக் கொப்பி மட்டும் இருந்திருந்தா..." என்றார். அதை எரித்தது நான் என்று அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கும் இந்த மலர் போகிறது.

எங்கள் துயரில் பங்குகொண்ட உறவினர், அயலவர், நோயில் உதவிய வைத்தியர், பந்தல் போட்டவர்கள், மலர் அச்சிட்டவர்கள் எல்லோருக்கும் குடும்பத்தின் நன்றி. உண்மையைக் கேட்காமலே முப்பது வருஷம் கதைத்தவர்களுக்கும் நன்றி. நீங்கள் கதைத்தபடியால்தான் நான் பேசாமலிருக்க முடிந்தது.

அக்கா சொன்னபடி, தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட்டேன். ஒன்றுதான் மிச்சம், அதை நான் அக்காவிடமும் சொல்லவில்லை. அதிகாரிக்குக் கொப்பி தேவையே இல்லை. அன்று அந்த அறையில் நான் வாயைத் திறந்து, பரீட்சைக்கு வராத பதினொரு விடைகளையும் ஒப்புவித்திருந்தால் போதும், அக்கா அங்கேயே நிரபராதியாகியிருப்பார். கொப்பியைத்தான் எரித்தேன். விடைகள் பன்னிரண்டும் அப்போதும் எனக்குப் பாடம். இப்போதும் பாடம்.