இரண்டு விரல் அகலம்

வலைக்கண்ணின் அளவு பிடிக்கும் மூங்கில் பட்டைகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று அகலமானது. மற்றது அதைவிட ஒரு நெல்மணி அளவு குறைந்தது. இரண்டையும் அத்தைதான் கொடுத்தாள். முதலாவதை மஞ்சள் தடவி வெற்றிலையில் வைத்து, உறவுக்காரர் எல்லோரும் பார்க்கக் கொடுத்தாள். இரண்டாவதை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, அம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில், அடுப்படியில் வைத்து என் கையில் கொடுத்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்திருந்தன. பட்டைகளில் எழுத்தோ குறியோ கிடையாது. என் பிள்ளைகளிடம் காட்டினால் எது எதென்று அவர்களுக்குத் தெரியாது.

அத்தை என் நைனாவின் தங்கை. ஏரியின் அக்கரைக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு மகன்கள். மூத்தவருக்கு என்னைப் பரிசம் போட்டிருந்தார்கள். எங்கள் ஏரிக்கரையில் பரிசம் போட்டுவிட்டால், மாப்பிள்ளை முதன்முதலாகத் தன் பேரில் ஏரியில் கட்டப்போகும் வலைக்கு அந்தப் பெண்தான் மடி பின்ன வேண்டும். மடி என்பது மீன் வந்து சேரும் அடிப்பை. அதன் கண், மாப்பிள்ளையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்த அகலம். அந்த அகலத்துக்கு ஒரு மூங்கிலைச் சீவிப் பெண்ணிடம் கொடுப்பார்கள். பட்டையில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால் எல்லாக் கண்ணும் ஒரே அளவாக வரும். அந்த அளவு அவருடையது என்று ஊருக்குத் தெரியும்.

பரிசத்தன்று எங்கள் வாசலில் அவர் கையை நீட்டியதும், நைனா விரல் பக்கத்தில் மூங்கிலை வைத்துக் கத்தியால் கோடு கிழித்ததும் நினைவிருக்கிறது. அவருக்குத் தடித்த விரல்கள். நகத்தின் ஓரத்தில் வலைக்குப் போடும் மரப்பட்டைச் சாயம் ஏறிக் கறுத்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், இந்தக் கண்ணில் மடவை மீன் குடும்பத்தோடு புகுந்து ஓடிவிடும் என்று கேலி செய்தார். "சின்னது ஓடட்டும் மாமா. பெருசு நின்னாப் போதும்" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கதவோரம் நின்ற என் பக்கம் திரும்பி, "முடிச்சைத் தளர விடாத. வந்து இழுத்துப் பாப்பேன்" என்றார். பரிசம் போட்ட பிறகு அவர் என்னிடம் நேராகச் சொன்னது அது ஒன்றுதான். அந்தப் புரட்டாசியில், எங்கள் ஊர்க் கடற்கரையில் கோட்டை கட்டியிருக்கும் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கப்பலில் மாலுமியாகக் கிழக்கே கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குப் போனார். அத்தையின் கணவர் முகத்துவாரத்தில் மூழ்கி இறந்தபோது படகும் அவரோடு போயிருந்தது. கப்பலில் ஒரு நடை போய்வந்தால் புதுப் படகு கட்டலாம் என்பது மூத்தவரின் எண்ணம். ஆனியில் தென்காற்றோடு கப்பல் திரும்பும், ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று பேச்சு.

ஆவணி என்று வைத்ததற்குக் காரணம் இருந்தது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்ற முறைக்குப் பாடு என்று பெயர். ஆண்டுதோறும் ஆவணி கடைசியில் அம்மன் கோயில் முன்னால் ஓலைச் சீட்டு எடுத்துப் பாடு பிரிப்பார்கள். சீட்டில் ஒரு வீட்டுக்கு இடம் வேண்டுமானால், அந்த வீட்டில் கல்யாணமான ஓர் ஆண் இருக்க வேண்டும். அவனைத் தலைக்கட்டு என்பார்கள். தலைக்கட்டு இல்லாத வீட்டு ஆண்கள் பிறர் படகில் கூலிக்குப் போகலாம். தங்கள் பேரில் ஏரியில் வலை இறக்க முடியாது. மாமா இறந்த பின் அத்தையின் வீட்டுக்காக இரண்டு ஆவணி பொறுத்தார்கள். மூன்றாவது ஆவணியிலும் தலைக்கட்டு இல்லையென்றால் அந்த வீட்டின் இடம் போய்விடும். போன இடம் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

பரிசத்துக்கு முன்பு நான் அம்மாவோடு கருவாட்டுக் கூடை தூக்கிக்கொண்டு காட்டூர்ப் பக்கம் போவேன். அங்கே களத்துமேட்டில் கருவாட்டைக் கொடுத்து நெல் வாங்கி வருவோம். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றில் கையால் இறால் தடவுவேன். பரிசம் போட்ட மறுநாளிலிருந்து இரண்டும் நின்றன. நிச்சயமான பெண் கூடை சுமக்கக் கூடாது, ஏரியில் இறங்கக் கூடாது. விடிந்ததும் வாசல் தெளிப்பேன். மணலில் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் ஊறும்வரை குந்தியிருந்து குடத்தை நிரப்புவேன். கஞ்சி குடித்ததும் வலை. வலையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்ன வேண்டும். வெயில் ஏறினால் கருவாட்டுப் பாயருகே உட்கார்ந்து காக்கை விரட்டுவேன். சாய்ந்ததும் மறுபடி வலை. கட்டைவிரலில் நூல் அறுத்த தடம் இன்றும் வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் பூசிக் குளிக்க வைப்பார்கள். வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. என் பிள்ளைகள் கோட்டைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகியபோது கூட உட்கார்ந்து நான் எழுத்துக் கற்றது பல ஆண்டுகளுக்குப் பிறகு. அதனால் அந்த மாதங்களை அப்போது எழுதி வைக்க முடியவில்லை. ஆனாலும் எதற்குப் பின் எது என்ற வரிசை எனக்குக் குழம்பியதில்லை.

வாரத்துக்கு ஒரு முறை அத்தை படகில் ஏரியைக் கடந்து வருவாள். வந்ததும் மடியைத் தரையில் பரப்பி, எத்தனை சாண் வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி இழுத்துப் பார்ப்பாள். மகனைப் பற்றிப் பேசமாட்டாள். அம்மா பேச்செடுத்தால், கடல் எப்படி இருக்கிறதோ அப்படி வருவான் என்று முடித்துவிடுவாள். ஒரு முறை எனக்குத் தலை வாரிவிட்டபடி, இளையவர் கூலிக்குப் போன படகில் அவருக்குக் கொடுக்கும் பங்கு மீன் பூனைக்குப் போடுகிற அளவுதான் என்று சொன்னாள். "அவனும் வாய் தொறக்க மாட்டான். தலைக்கட்டு இல்லாத வூட்டு ஆம்பளைக்கு வாய் எதுக்குனு கேப்பானுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. என் முடியை இறுக்கிப் பின்னினாள்.

ஆனியில் தென்காற்று பிடித்தது. கப்பல் தெரிந்தால் கோட்டையில் கொடி ஏற்றுவார்கள். முதல் கொடி ஏறிய அன்று அம்மா என்னை வெளியே விடவில்லை. மணப்பெண் கரைக்கு ஓடினால் சிரிப்பார்கள் என்றாள். நைனா போய்விட்டு மாலையில் வந்து, அவன் இதில் இல்லை, அடுத்ததில் வருவானாம் என்றார். ஆடி பிறந்து இரண்டாவது கப்பல் வந்தது. அதில் வந்தவர்கள் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. அந்த வாரம் அத்தை வந்தபோது வழக்கம் போல முடிச்சுகளை இழுத்துப் பார்த்தாள். இரண்டு முடிச்சு தளர்ந்திருப்பதாகச் சொன்னாள். நான் அவிழ்த்து மறுபடி போட்டேன்.

ஆடிக் கடைசியில் அக்கரைக் குப்பத்தில் கூட்டம் போட்டார்கள். நைனா போயிருந்தார். திரும்பி வந்து அவர் அம்மாவிடம் சொன்னதை நான் வலை பின்னியபடியே கேட்டேன். சீட்டுக்கு யார் பெயர் என்ற பேச்சு வந்ததும் அத்தையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூத்தவன் உயிரோடு இருக்கும்போது இளையவன் தலைக்கட்டாக முடியாது. வராமல் இருப்பது வேறு, இல்லாமல் போவது வேறு. குப்பத்துப் பெரியதனக்காரர் கேட்டிருக்கிறார்: "மூத்தவன் கீறானா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு உன் வாயால சொல்லு." அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாளாம். பிறகு, "இல்ல" என்றாளாம். தெரிந்துதான் சொல்கிறாயா என்று அவர் கேட்டதற்கு, "தெரிஞ்ச சேதியா இருந்தா நீங்க இன்னாத்துக்கு என்னைக் கேக்குறீங்க?" என்றாளாம். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மறுநாள் அவள் ஏரியில் தலை முழுகினாள் என்றும், அந்த வீட்டில் அன்று உலை வைக்கவில்லை என்றும் பிறகு தெரிந்தது. நைனா கஞ்சி குடித்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டே, "முகூர்த்தம் அதேதான்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அத்தை இரண்டாவது பட்டையோடு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்து, "சின்னவனோடது" என்றாள். நான் பழைய பட்டையை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன். நெல்மணி அளவு வித்தியாசம் அப்போது பார்த்ததுதான். இளையவர் மெலிந்தவர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தால் பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர் மீது வெறுப்பு இல்லை. மூத்தவர் மீது இருந்ததற்கு என்ன பெயர் என்றும் தெரியாது. அவருடைய விரல் அளவைப் பத்து மாதம் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.

"பின்னுனத அவுக்கணுமா அத்தே?" என்று கேட்டேன்.

"வாணாம். மேல பெருசு, கீழ சின்னது. மடின்னா அப்பிடித்தான் இருக்கும். எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

அது உண்மைதான். அடிப்பக்கம் போகப் போகக் கண் சிறுத்திருந்தால் மீன் நன்றாக நிற்கும். பார்க்கிறவர்கள் கைத்திறன் என்று சொல்லுவார்கள். சொல்லவும் சொன்னார்கள்.

அத்தை போகாமல் நின்றாள். அடுப்பில் புகைந்த சுள்ளியை உள்ளே தள்ளினாள். "எதனா சொல்லணும்னா இப்பச் சொல்லிடு. நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். அவள் அப்படிக் கேட்டதை நான் மறக்கவில்லை. என்னைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று எனக்குள் பார்த்தேன். வேண்டாம் என்றால் அந்த வீட்டின் இடம் போகும். இளையவர் ஆயுள் முழுவதும் பிறர் படகில் பூனைப் பங்கு வாங்குவார். வேண்டும் என்றால் அவள் கூட்டத்தில் சொன்ன சொல்லை நானும் சொன்னதாகும். இரண்டும் எனக்கு ஒன்றுபோலத் தெரிந்தன.

"சின்னக் கண்ணுக்கு நூல் பத்தாது அத்தே" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கொண்டாறேன்" என்றாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சாயவேரில் தோய்த்த சிவப்புப் புடவை. அதன் சாயம் வியர்வையில் தோளில் இறங்கியது. பெண்கள் நலங்கு வைக்கும்போது, சின்னவன் விரலு எறாக்குஞ்சைக்கூட விடாதுடி, பாத்து இரு என்று கேலி செய்தார்கள். நான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். மூத்தவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. மாதக் கடைசியில் சீட்டு எடுத்தார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நல்ல இடம் விழுந்தது. என் கணவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனபோது, அத்தை வாசலில் நின்று, அவர் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தாள்.

புரட்டாசி பிறந்து சில நாட்களில் கோட்டையில் கொடி ஏறியது. அந்த ஆண்டின் கடைசிக் கப்பல். அது வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. என் கணவர் ஏரியில் இருந்தார். நான் அத்தையோடு கரைக்குப் போனேன். கப்பல் ஆழத்தில் நின்றது. ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு மூன்று சலங்குப் படகுகள் அலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளையல் அழுந்தி வலித்தது. முதல் படகு திரும்பி முகப்பைக் காட்டியபோது, அவள் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வந்துட்டான்னா நான் இன்னா சொல்லுவேன்? உனக்கு, சின்னவனுக்கு, அந்தக் கூட்டத்துக்கு. அவனுக்கு இன்னா சொல்லுவேன்? வரக் கூடாதுனு வேண்டிக்கினு நிக்கிறேன்டீ. பெத்தவ."

நான் மணிக்கட்டை இழுத்துக்கொள்ளவில்லை. 

மூன்று படகுகளும் வந்து ஆட்கள் இறங்கினார்கள். அவர் இல்லை. அவரோடு போன பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருவர் மட்டும் அத்தையைப் பார்த்து நேராக வந்தார். பத்தாவியாவில் ஆள் போதாமல் மூத்தவரை வேறு கப்பலில் ஏற்றிவிட்டார்களாம். அது இன்னும் கிழக்கே, தீவுகளுக்குப் போகிற கப்பலாம். எப்போது திரும்பும் என்று தெரியாதாம். ஏற்றும்போது கரையில் நின்று தானே பார்த்ததாகச் சொன்னார். மூத்தவரை இல்லை என்று அத்தை சொன்ன கதை அந்த ஆளுக்குத் தெரியாது.

"ஒடம்பு எப்பிடிக் கீது?" என்று அத்தை கேட்டாள்.

"நல்லாப் பருத்துட்டான் பெரிம்மா. பாத்தா உனுக்கே அடையாளம் தெரியாது."

அத்தை தலையை ஆட்டினாள்.  என் கையை அப்போதுதான் விட்டாள். திரும்பி நடந்தபோது, சின்னவன் பசியோடு வருவான், உலை வைக்க வேண்டும் என்றாள். வழியில் தாழம்புதர் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். பிறகு வீட்டுக்குப் போய் உலை வைத்தோம். வீட்டில் யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு அவள் இருந்தவரையில் ஒரு கொடி ஏற்றத்தைக்கூட விடவில்லை. முழங்கால் வீங்கிய ஆண்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எதை வேண்டிக்கொண்டு நிற்கிறாள் என்று நான் கேட்டதில்லை. மூத்தவர் வரவில்லை. இப்போது பெரிய கப்பல்கள் நாகப்பட்டினத்துக்குப் போய்விடுகின்றன. இங்கே ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் வருகின்றன. அத்தை இல்லை. கொடி ஏறினால் நான் போகிறேன். நான் எதையும் வேண்டிக்கொள்வதில்லை. படகிலிருந்து இறங்குகிறவர்களில் வயதான, பருத்த ஆள் யாராவது இருந்தால் அவருடைய கையைப் பார்க்கிறேன். எல்லோரும் இறங்கி முடிந்ததும் வீட்டுக்கு வந்து உலை வைக்கிறேன்.