எல்லப்பண்ணன் கொண்டுவந்த நாய்

கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில், கொதிக்கிற சாம்பார் என் வலது கையில் கொட்டிவிட்டது. லீவு கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் போனேன். சாப்பாட்டு நேரம் முடிந்து பின்பக்கம் போய்ப் பார்த்தால், பெரிய அண்டா மூன்றும் தேய்த்துக் கவிழ்த்திருந்தன. அடுத்த நாளும் அப்படியே. ஐந்தாம் நாள்தான் கண்டேன். தோட்ட வேலை பார்க்கும் எல்லப்பண்ணன் தன்னுடைய டீ நேரத்தில் வந்து தேய்த்துவிட்டுப் போகிறார். மண்ணூரில் எங்கள் தெருக்காரர்தான். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. பெருமாளே, இந்த மனுஷனுக்கு ஒரு குறையும் வைக்காதே என்று அன்று வேண்டிக்கொண்டேன்.

பெருமாள் என்ன நினைத்தாரோ. அடுத்த வருஷமே அவர் மனைவி சந்திரம்மா அண்ணிக்கு மறதி நோய் வந்தது. முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தார். பிறகு என் பெயரை மறந்தார். கழனியை விற்றதையும் மறந்துவிட்டார். அந்தக் கழனி இருந்த இடத்தில் இப்போது கம்பெனி மதில் நிற்கிறது. அண்ணியோ, "களை எடுக்கணும், நேரமாவுது" என்று கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டில் இறங்கி நடப்பார்.

பிள்ளை இல்லாத வீடு. அண்ணன் வேலைக்குப் போகாவிட்டால் சோறில்லை. ஒரு நாள் வெளியே பூட்டிவிட்டு முதல் ஷிப்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கதவைத் தட்டித் தட்டி அண்ணியின் விரலெல்லாம் ரத்தம். அதற்குப் பிறகு அவர் பூட்டைத் தொடவில்லை.

"நாய் ஒண்ணு வச்சா இன்னா செல்லம்மா? அவ கேட்டாண்ட வந்தா கத்தும். தெருவுல யாராச்சும் வந்து உள்ள கூட்டினு போவாங்க" என்றார்.

இரண்டு நாய்கள் கிடைப்பதாக இருந்தன. ஒன்று, எங்கள் சூப்பர்வைசர் சிவசங்கர் வளர்த்த லேப்ரடார். மஞ்சள் நிறம், சாதுவான முகம். அவர் மாற்றலாகி வடக்கே போவதால் யாருக்காவது கொடுத்துவிட நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து காட்டினார். வந்ததும் வராததுமாக அண்ணியின் பாதத்தில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அண்ணி அதன் காதைத் தடவிச் சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. பிறகு எழுந்து தெருவில் நடந்தார். அதுவும் வாலாட்டிக்கொண்டு கூடவே போனது. தெருமுனையில் அண்ணன் ஓடிப்போய் இரண்டு பேரையும் திருப்பிக் கூட்டி வந்தார்.

"இது நாயாண்ணே? திருடன் வந்தா மூட்டையத் தூக்கிவுட்டுட்டு பஸ் ஏத்தி அனுப்பும்" என்றேன்.

"அவளுக்குப் புடிச்சிருக்குது செல்லம்மா."

"புடிச்சு இன்னா பண்றது? தடுக்கிற நாய் வேணுமா, கூடச் சுத்துற நாய் வேணுமா?"

அவர் அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று கோம்பைச் சாதி வேட்டை நாய். செம்பட்டை நிறம், கரிய வாய், சிரிப்பே அறியாத முகம். ஒரகடத்தில் இருந்த எங்கள் கம்பெனி குடோன் கேட்டில் வளர்ந்தது. குடோனை மூடப்போவதால் அதன் வாட்ச்மேன் கண்ணப்பன் இடம் தேடிக்கொண்டிருந்தார். தேனிப் பக்கத்துக்காரர்.

"கம்பெனிச் சட்டை போட்டவுகள மட்டும் விடும்ணே. மத்தபடி எமனே வந்தாலும் கேட்டத் தாண்ட முடியாது. உள்ள வாரதுக்கும் அதான் சட்டம், வெளிய போறதுக்கும் அதான் சட்டம்" என்றார்.

"இதான்ணே உனக்குத் தோது" என்று நான்தான் சொன்னேன். அண்ணன் என் பேச்சைக் கேட்டுக் கோம்பையைக் கூட்டி வந்தார்.

நாற்பது நாள் அது நன்றாகக் காவல் காத்தது. அண்ணி கேட்டைத் தொட்டால் போதும், குறுக்கே நின்று தெருவையே கூட்டிவிடும். அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மருக்கு நெய்விளக்குப் போட்டேன்.

மார்கழியில் ஒரு நாள் ஷிப்டு முடிந்து வந்தோம். கேட் திறந்திருந்தது. நாய் வாசலில் அமைதியாகப் படுத்திருந்தது. அண்ணியைக் காணோம். கொடியில் உலர்த்தியிருந்த அண்ணனின் சாம்பல் நிறக் கம்பெனிச் சட்டையும் இல்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் களை எடுக்கப் போகும்போது புருஷனின் பழைய சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொள்வது வழக்கம். கை, கழுத்தெல்லாம் பயிர் அறுக்காமல் இருக்கும். எதை மறந்தாலும் அண்ணி அதை மறக்கவில்லை. சட்டையைக் கண்டதும் நாய் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறது.

"நான் பாத்தேன்" என்று எதிர்வீட்டுக் கனகம் தலையில் அடித்துக்கொண்டாள். "முதுகுப் பக்கம்தான் தெரிஞ்சுது. நாயும் கத்தல. கான்ட்ராக்ட் வேலைக்குப் போற பொம்பளை யாரோ உங்க வூட்டுக்கு வந்துட்டுப் போவுதுன்னு இருந்துட்டேன்."

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். மறைமலை நகர் வரைக்கும் தேடினோம். கம்பெனிச் சட்டை போட்ட பொம்பளையைப் பார்த்தீர்களா என்று கேட்டால், ஷிப்டு விட்டு வரும் கூட்டத்தைக் கையைக் காட்டினார்கள். ஒவ்வொரு சாம்பல் சட்டையாக முன்னால் ஓடிப்போய் முகத்தைப் பார்த்தார் அண்ணன். ஆஸ்பத்திரி, பிணவறை, அநாதை இல்லம் எல்லாம் போனோம். எந்த இடத்திலும் அண்ணி இல்லை.

நாயை அவர் ஒரு அடி அடிக்கவில்லை. என்னையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு தடவை மட்டும், சோற்றைப் பிசைந்து நாய்க்கு வைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த மஞ்ச நாயா இருந்தா அவகூடவே போயிருக்கும் இல்ல?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து விளக்கேற்றும்போது எனக்கென்று எதுவும் வேண்டிக்கொள்ள வாய் வருவதில்லை.

ஆறு மாதம் கழித்து வேலையை விட்டுவிட்டார். வழி தவறியவர்கள் கோவில் ஊர்களில் அன்னதான வரிசையில் இருப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். திருத்தணி, திருவண்ணாமலை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன் என்றார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் கூடப் போனேன். தோளில் ஒரு பை, சட்டைப்பையில் அண்ணியின் போட்டோ. ரயில் வந்ததும் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.

"நாய் எங்க வூட்டு கேட்டாண்டயே இருக்கட்டும். நீ சோறு மட்டும் வையி. அது கத்துனா உன் வேலையப் பாரு. கத்தாம வாலாட்டுச்சுன்னா மட்டும் ஓடியாந்து பாரு செல்லம்மா."