அவன் கை உயர்ந்திருந்த பக்கம்

எங்கள் கல்லூரியின் கூடைப்பந்து மைதானத்தை ஒட்டிய உடைமாற்றும் அறையின் வாசலுக்கு மேலே ஒரு கறுப்புப் பலகை உண்டு. ஒரே ஆட்டத்தில் அதிகப் புள்ளிகள், ஒரே ஆண்டில் அதிகப் புள்ளிகள், மூன்றாண்டுகளிலும் சேர்த்து அதிகப் புள்ளிகள் என்று அதில் சாதனைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயர், வெள்ளை எழுத்தில். 'ஒரே ஆண்டில் அதிகப் புள்ளிகள்' என்ற வரிக்கு எதிரே இருந்தது என் பெயர். சாதனை முறிந்தால் பழையவரே ஏணியில் ஏறி, தன் பெயர் மேல் கறுப்புச் சாயம் பூசி, புதியவரின் பெயரைத் தன் கையால் எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் ஏற்படுத்தியது. "தோத்தவன் கையால எழுதுனாத்தான்டா அது ரெக்கார்டு" என்பார். இரண்டாம் ஆண்டில் நான் அந்த வரியைப் பிடித்தபோது, எனக்கு முன் இருந்தவர் சிரித்தபடியே ஏறி என் பெயரை எழுதிவிட்டு இறங்கினார். அந்தச் சிரிப்பு எனக்கு வாய்க்கவில்லை.

சென்ற மாதம் இப்போதைய உடற்கல்வி இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார். "சார், ஒங்க ரெக்கார்டு அடுத்த மேட்ச்ல போயிரும் போலருக்கு. நீங்க வந்துதான் எழுதணும்." வருகிறேன் என்றேன். பேசி முடித்ததும் ஒருவன் முகம்தான் கண்முன் வந்தது.

அவனை நாங்கள் சென்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவன் ஆடிய இடமே பெயராகிவிட்டது. கட்டுமாவடிக்காரன். அப்பா பிறர் படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். கூடைக்கு அடியில் போய் நின்று ஒரு கையை உயர்த்துவான். அந்தக் கைக்குப் பந்து போனால் போதும், இரண்டு புள்ளி. பந்தை நகர்த்திக் கொடுக்கும் கார்டு நான். இறுதியாண்டில் அணித்தலைவனும் நானே. அந்த ஆண்டின் கடைசி ஆட்டத்துக்கு இறங்கும்போது, அவன் என் சாதனையை நெருங்கியிருந்தான். திருச்சியிலிருந்து ஓர் அலுவலக அணிக்கு ஆள் எடுக்க அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எடுக்கப்போவது ஒரே ஒருவர். ஆட்டத்தோடு நிரந்தர வேலையும் உண்டு. "பலகைல பேரு இருக்குறவனத்தான் அவரு மொதல்ல கேப்பாரு" என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு இலுப்பூரில் அப்பாவின் கடை காத்திருந்தது. சென்டருக்கு அந்த ஆட்டத்தை விட்டால் கடல்தான். இது தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை. தெரிந்தே செய்தேன்.

இடைவேளையில் இன்னும் இரண்டு கூடை போட்டால் என் பெயர் போய்விடும் என்ற நிலை. தண்ணீர்ப் பானை அருகே ஒருவன், "கேப்டன், ஏணியத் தேடி வச்சுக்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுபாதியில் சென்டர் வழக்கம்போல் கையை உயர்த்தினான். "இங்கிட்டு மாப்ள, இங்கிட்டு!" நான் அவனையே பார்த்தேன். என் பார்வையை நம்பி எதிரணியில் இருவர் அவன்மேல் போய் விழுந்தார்கள். நான் பந்தை எதிர்மூலையில் ஆளில்லாமல் நின்றவனுக்கு எறிந்தேன். கூடை விழுந்தது. "பாத்தீங்களாடா, கண்ணு ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம்!" என்று ஆசிரியர் துள்ளினார். பாராட்டே எனக்கு மறைப்பாகிவிட்டது. அதன்பின் அவன் உயர்த்திய கையைத் தூண்டில்போல் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே செய்தேன். கூடைப் பலகையில் பட்டுத் திரும்பிய பந்தில் அவனாக ஒரு கூடை போட்டுக்கொண்டான். மற்றொன்று கடைசிவரை வரவில்லை. நாங்கள் ஜெயித்தோம். போட்ட புள்ளிகளைத்தான் எழுதி வைப்பார்கள். கொடுக்காத பந்துக்கு எங்கும் கணக்கில்லை.

குழாயடியில் கால் கழுவும்போது அவன் குரலை உயர்த்தாமல் சொன்னான்: "நீ என்னயப் பாத்தேடா. பாத்துட்டுத்தான் போடல." நான் சொன்ன பதில், "ஜெயிச்சோம்ல?" அதிகாரி பலகையைப் பார்த்தார், பெயரைக் கேட்டார், என்னை எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு முழு நாள் இருந்தது. சொல்லவில்லை. அந்த வேலையில்தான் ஓய்வு பெற்றேன். அந்த ஓய்வூதியத்தில்தான் இன்றும் சாப்பிடுகிறேன். சென்டர் கடலுக்குப் போனான். முதுகு விட்டுப்போனபின் கரையில் மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒருமுறைகூடக் கட்டுமாவடிப் பக்கம் போனதில்லை.

இம்முறை அவன் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். "ஒம் பேர அழிக்கிறதப் பாக்கவா? டிக்கெட்டு போட்டாக்கூட வாரேன்டா" என்றான். வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

செம்மண் தரை இப்போது சிமெண்ட். தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி. கடைசி நிமிடங்களில், என் சாதனையை நெருங்கியிருந்த மாணவனுக்கு ஒரே ஒரு கூடை தேவைப்பட்டது. எழுதக் கூசுகிறது: அவன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தபோது என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மகிழ்ந்தது. இத்தனை வயதுக்குப் பிறகும். அடுத்த முறை பந்து அவன் அணியின் கார்டு கையில். மாணவன் கையை உயர்த்தினான். கார்டு அவனைப் பார்த்தான். பந்து கையை விட்டுப் போகவில்லை. இன்னும் போகவில்லை. நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது. "போடுறா! அவனுக்குப் போடுறா!" என்று கத்தினேன். சென்டர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "ஒக்காரு மாப்ள. எல்லாரும் ஒன்னய மாதிரியா இருப்பாய்ங்க?" அவன் சொல்லி முடிப்பதற்குள் பந்து போய்ச் சேர்ந்தது, விழுந்தது.

ஏணி வந்தது. ஏறுவதற்கு முன் அந்த அணியின் முன்னால் நின்று, இதுவரை இங்கே எழுதியதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டுவதா, தலைகுனிவதா என்று தெரியாமல் நின்றார்கள். சென்டர் பக்கம் திரும்பி, "மன்னிச்சுரு" என்றேன்.

"அந்த ஆபீசு வேலைய இனிமே நான் பாக்க முடியாதுடா" என்றான். பிறகு வானத்தைப் பார்த்தான். "ஏறு. மழை வர்ற மாதிரி இருக்கு."

ஏணியை அவன்தான் பிடித்துக்கொண்டான். என் பெயர் மூன்று இழுப்பில் மறைந்தது. ஈரம் உலரக் காத்திருந்து வெள்ளைத் தூரிகையை எடுத்தேன். எங்கே தொடங்குவது என்று பிடிபடவில்லை.

"இங்கிட்டு மாப்ள. கொஞ்சம் இங்கிட்டு."

குனிந்து பார்த்தேன். ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி, மறு கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கை காட்டிய இடத்தில் முதல் எழுத்தைத் தொடங்கினேன்.